கரடிக்கூண்டின் பின்வீடு

புது வீட்டின் கூடம் நீளமானது. நடந்து கடக்கப் பதினைந்து காலடி வேண்டும். மனைவி எட்டாவது காலடியில் திரும்பினாள்.

குடிவந்த மூன்று நாளாக இப்படித்தான். அவள் கணவர் மிருகக்காட்சிசாலையில் கரடியைப் பராமரிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டுமென்று பால்கனி வைத்த வீடாகப் பிடித்தார். அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

பழைய வீடு கரடிக்கூண்டின் முதுகோடு ஒட்டியது. கட்டியவர் இரண்டுக்கும் ஒரே அளவு, எட்டே காலடி நீளம், நடுவில் ஒரே சுவர் என்று வைத்து, கூண்டுக்குக் கொடுத்த வளைவையும் தூணையும் வீட்டுக்கும் கொடுத்து அழகு பார்த்திருந்தார். சுவருக்கு அப்பால் நகங்கள் பகலெல்லாம் கல்லைக் கீறும். மூத்திரமும் துருவும் கலந்த வாடை அடுப்படிவரை வரும். பார்க்க வருகிறவர்கள், இதுவும் ஒரு காட்சி என்று நினைத்து உள்ளே நுழைந்துவிடுவார்கள். அதனால் அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போவார். ஜன்னலில் முகங்கள் அப்பிக்கொள்ளும். முப்பது வருடம்.

"கரடிக்காவது பேர்ப்பலகை வச்சிருக்காங்க. எனக்கு அதுகூட இல்லை" என்பாள். அவரும் சிரித்துவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

இப்போது அவள் திரும்பும்போது கழுத்தை ஒருமுறை மேலே வெட்டினாள். கடைசி வருடங்களில் கரடி அப்படித்தான் திரும்பும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர் பால்கனிக் கதவை அகலத் திறந்தார்.

"ஒரே ஒரு தடவை வந்து நில்லும்மா. இங்க பூட்டு கிடையாது. பாக்கறதுக்கும் யாரும் இல்லை."

"இருக்காங்களே."

"யாரு?"

"கூட்டம். இன்னும் கலையலைங்க."

எட்டிப் பார்த்தார்.

தெரு நிறைய ஆட்கள். அசைவில்லை. பேச்சில்லை. தோள்களில் குழந்தைகள். எல்லா முகமும் மேலே.

கதவைச் சாத்தினார். அவள் கையைப் பிடித்தார். சில்லென்றிருந்தது. வாசலுக்கு இழுத்தார். ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

கால் நின்றது. அவளுடையதல்ல. அவருடையது.

உந்திப் பார்த்தார். வரவில்லை. கழுத்து தானாக மேலே வெட்டியது.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். கொஞ்சம் ஒதுங்கி, பக்கத்தில் அவருக்கும் நடக்க இடம் விட்டாள்.

"பழகிடும்ங்க" என்றாள்.

கீழே ஒரு குழந்தை கைதட்டியது.