பதினான்கு நிமிட வைஃபை

காலை 11.05. கிருமாம்பாக்கம். மணப்பட்டிலிருந்து மீன் விற்க வந்த பவுனம்மாள் அர்ச்சனா வீட்டுப் பின்பக்கமாக நுழைந்து குரல் கொடுத்தாள். பதில் இல்லை. கொல்லையில் தரைக்கு அடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தவள் கூடையைப் போட்டுவிட்டு அலறினாள்.

உள்ளே விருத்தாம்பாள் குப்புற மிதந்தார். மகள் அர்ச்சனாவைப் பார்க்க முந்தின நாள்தான் கடலூரிலிருந்து வந்திருந்தார். அர்ச்சனா ஆஸ்பத்திரி நர்ஸ். ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் இருந்தது மருமகன் விஜயராஜ் மட்டும். மாடி அறையில் உட்கார்ந்து கம்பெனி வேலை பார்ப்பவன்.

11.50. சப்-இன்ஸ்பெக்டர் ஜெஸிமா உடலைப் பார்த்தார். பின்கழுத்தில் விரல் பதிந்த தடங்கள்.

"வழுக்கி விழல. யாரோ அமுக்கிப் புடிச்சிருக்காங்க."

விஜயராஜ் பின்கேட்டைக் காட்டினான். "பின்கேட் எப்பவும் தொறந்துதான் கெடக்கும் மேடம். எவன் வந்தானோ."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மாடியில. பத்து மணிலேர்ந்து லேப்டாப்ல ஆபீஸ் மீட்டிங். திடீர் திடீர்னு பேரைக் கூப்டுவாங்க. பதில் வரலன்னா ஆப்சென்ட்."

"கேமரா?"

"எல்லாருக்கும் ஆஃப்."

"போன்ல சேர்ந்துக்க முடியாதா?"

"கம்பெனி லேப்டாப்ல மட்டுந்தான் தொறக்கும்."

"கீய எறங்கவே இல்லியா?"

"எப்டி எறங்குறது? வயர் மாட்டியிருக்கு. ரவுட்டர் கீய கூடத்துல இருக்கு, அந்த வைஃபை மாடிக்கு எட்டாது. அதான் வயர் இழுத்தேன். வயர்ல கட்டே ஆவாது மேடம்."

ஜெஸிமா மாடி ஏறினார். மேசையில் லேப்டாப், அதன் பக்கவாட்டில் நீல வயர். தன் போனில் வீட்டு வைஃபையைத் தேடினார். அவன் சொன்னது உண்மை, சுத்தமாக இல்லை. கீழே இறங்கியதும் வந்தது. தொட்டி வரை நடந்தார். அங்கும் இருந்தது.

அர்ச்சனாவுக்குத் தகவல் சொன்னபோது ஒரு நேரம் கிடைத்தது. அம்மா அவளோடு கடைசியாகப் போனில் பேசியது 10.40.

12.30. விஜயராஜின் மேலாளர் போனில் வந்தார். "10.51க்கு அவர் பேரைக் கூப்பிட்டேன். உடனே 'எஸ் சார்'னார்." மீட்டிங் பதிவைப் பார்த்துவிட்டு மேலும் சொன்னார்: "ரெண்டு தடவ மட்டும் அவர் லைன் சில செகண்ட் கட் ஆயிருக்கு. 10.44, 10.58."

1.15. ரவுட்டரின் பதிவைப் பார்த்து முடித்த ஜெஸிமா, விஜயராஜைக் கூடத்துக்கு அழைத்தார்.

"வயர்ல கட்டே ஆவாதுன்ன. ரெண்டு தடவ ஆயிருக்கே?"

"லூசா இருந்திருக்கும் மேடம்."

"மாடியில வயர் லூசானா நெட்டே போயிடும். ஆனா 10.44லேர்ந்து 10.58 வரைக்கும் உன் லேப்டாப் வைஃபைல ஓடியிருக்கு. வைஃபை எட்டாத ரூம்ல எப்டி ஓடும்? வயரைப் புடுங்கிட்டு கீய எடுத்தாந்திருக்க. பேரைக் கூப்டா பதில் சொல்லணுமே, அதுக்காக தொட்டிகிட்டயே வெச்சுக்கிட்ட. முடிஞ்சதும் மேல போய் வயரைச் சொருகிட்ட."

அவன் மாடிப்படியைப் பார்த்தான்.

"நீ 'எஸ் சார்'னு சொன்னப்ப அந்தம்மாவுக்கு உசுரு இருந்துச்சா?"

"போலீசுக்குப் போறேன்னு நின்னாங்க," என்றான் விஜயராஜ்.

2.00. அர்ச்சனா வந்தபோது அவனை ஜீப்பில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்கம்மா எதுக்குப் போலீசுக்குப் போறேன்னாங்க?" ஜெஸிமா கேட்டார்.

"போன்ல எங்கிட்டயும் அதான் சொன்னாங்க. 'நீ பயந்துகினே இரு, நான் போறேன்'னாங்க. வார்டுல வேலை இருக்கு, சாயந்திரம் பேசிக்கலாம்னு வெச்சிட்டேன்."

அவள் யூனிஃபார்மின் முழுக்கைப் பட்டனைக் கழற்றி, கையை மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சூட்டுத் தழும்புகள். சில பழையவை, ஒன்று இன்னும் ஆறவில்லை.

"எழுதிக்குங்க மேடம்," என்றாள். "மொதல்லேர்ந்து சொல்றேன்."