வெள்ளைக்கோட்டுக்கு வெளியே

சைக்கிள் தடத்தில் ஏறுவதற்கு முன் செம்மலர் முன்சக்கரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு பிரேக். அதன் பிறகு காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்தாள். அயோவாவின் சமவெளியில் காற்றை மறிக்க ஒரு மேடு கிடையாது. பக்கவாட்டில் அடித்தால் பழகிய ஓட்டுநரைக்கூட ஒரு முழம் தள்ளிவிடும். அந்தத் தார்ப்பாதையில் ஒரு முழம் உயிர் போகிற தூரம்.

"தெக்குக் காத்துதான். நடுவுலயே வா," என்றார் கலியமூர்த்தி. செம்மலரின் அக்காள் கணவர். அக்கா இறந்த பிறகும் அத்தானும் அவளும் ஒரே வேலையில்தான் இருந்தார்கள்: ஆற்றோர மருத்துவமனையிலிருந்து சிற்றூர்களுக்கு மருந்து கொண்டுபோவது. அன்றைக்கு அத்தானின் சைக்கிளில் குளிர்ப்பெட்டி இருந்தது. டன்ரூத் ஊரில் பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சல்.

பாதை ஒரு காலத்தில் ரயில் ஓடிய மண்கரை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு யாரோ தார் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு சைக்கிள் விட்டார்களாம். ஒரு ஊரின் தானியக்கோபுரம் மறைவதற்குள் அடுத்த ஊரின் தண்ணீர்த்தொட்டி தெரியும். தொட்டியில் ஊர்ப்பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பாதையின் இரு ஓரமும் வெள்ளைக்கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு மக்காச்சோளம். சோளத்துக்கு மேலே ஒற்றைக்கால் உலோகத் தண்டுகள் தலையைக் கவிழ்த்து நின்றன. பயிர்க்காவலி என்பது அவற்றின் பெயர். சனங்கள் கொக்கு என்றார்கள்.

ஒரு பாலத்துக்கு முன்னால் மான்குட்டி ஒன்று தடத்தைக் குறுக்கே கடந்தது. கோட்டைத் தாண்டிய முன்னங்கால் மண்ணில் படுவதற்குள் ஒரு கொக்கு தலையைத் தாழ்த்தி நிமிர்ந்தது. பலகை பிளப்பதுபோல் ஒரு சத்தம். சோளத்தாள்கள் ஆடி அடங்கின. இருவரும் மிதிப்பதை நிறுத்தவில்லை.

பஞ்ச காலத்தில் வயல்களைக் கொளுத்தியவர்களுக்குப் பயந்து போட்ட சட்டம் அது. கோட்டுக்குள் இருப்பவர் மனிதர். கோட்டுக்கு வெளியே இருப்பது எதுவானாலும் பீடை. வானமும் வயலுக்கே சொந்தமானதால் பறக்கும் ஊர்திகள் நின்றுபோயின. பழைய பொதுச்சொத்து என்ற ஒரே காரணத்தால் சைக்கிள் தடங்கள் மட்டும் தப்பின. கொக்கு எடுத்த உயிருக்கு வழக்கு இல்லை. அதற்கு 'விலகல்' என்று பெயர். எப்படி விலகினார், யார் விலக்கினார் என்று எவரும் கேட்பதில்லை. பகை தீர்க்கத் துப்பாக்கி தேவைப்படவில்லை, ஒரு தள்ளு போதும் என்பதைச் சனங்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். அதனால்தான் எதிரே ஆள் வந்தால் இரு தரப்பும் இறங்கி, சைக்கிளைத் தங்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல் கடந்து போவார்கள்.

வேலர்ட் ஊரைத் தாண்டியதும் தடத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் தாடி வைத்த பெரிய ஆள். மற்றவன் மெலிந்தவன், கையில் நீளமான இரும்புக்குழாய்.

"பெட்டியக் குடுத்துட்டுப் போங்க," என்றார் தாடிக்காரர். குரலில் மிரட்டல் இல்லை. "எங்க வேலர்ட்லயும் பிள்ளைங்க கெடக்குது. என் பொண்ணுக்குக் கழுத்து நிமிரல."

"உங்க ஊருக்கு அடுத்த வாரம் வருதுங்க," என்றார் அத்தான்.

"அடுத்த வாரம் அவ இருக்கமாட்டா."

"டன்ரூத்துலயும் அதே கததான். டாக்டர்கிட்ட நான் பேசறேன். இப்ப வழி விடுங்க." அத்தான் சைக்கிளிலிருந்து இறங்கிப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

மெலிந்தவன் குழாயை வீசினான். அத்தானின் முழங்கை முறிந்த சத்தம் செம்மலருக்குக் கேட்டது. அவர் பெட்டியை விடவில்லை. இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. ரத்தம் கண்ணை மறைக்க, அவர் இடக்கையால் பெட்டியைக் கழற்றி அவள் பக்கம் தாரில் உருட்டிவிட்டார். "எடுத்துட்டுப் போ செம்மலர்." மெலிந்தவன் குழாயின் முனையை அவர் மார்பில் ஊன்றி நெட்டினான். அத்தான் இரண்டு எட்டு பின்னால் வைத்தார். மூன்றாவது எட்டு புல்லில் விழுந்தது.

அந்தச் சத்தம். அவளுடைய முகத்தில் சூடாக ஏதோ தெறித்தது. புல்லில் அத்தானின் ஒரு செருப்பு காலோடு கிடந்தது.

மெலிந்தவன் குழாயைப் போட்டுவிட்டு ஓடினான். தாடிக்காரர் ஓடவில்லை. கோட்டோரம் நின்று புல்லையே பார்த்தார். "நாங்க இதுக்கு வரலியே," என்றார். "இதுக்கு வரலியே." இரண்டு கைகளும் தளர்ந்து தொங்கின.

செம்மலர் ஓடிவந்து இரு கைகளாலும் அவர் முதுகில் மோதினாள். அவர் கையை ஆட்டி, பிடிக்க எதுவும் அகப்படாமல், முகம் குப்புற வயலுக்குள் விழுந்தார். கொக்கு ஒருமுறை குனிந்தது. அவர் இன்னும் அசைந்தார். மறுபடி குனிந்தது.

டன்ரூத் போய்ச் சேர்ந்து பெட்டியை ஒப்படைத்த பிறகு அவள் தடக்காவலரைப் பார்க்கப் போனாள். அவர் அவள் முன் காபியை வைத்தார். வயதானவர், பொறுமைசாலி.

"ரெண்டு விலகல். கஷ்டந்தான். காத்து அப்படி," என்றார்.

"காத்து இல்லைங்க. ஒருத்தரை நான் தள்ளினேன்."

"கொக்கு எடுத்துச்சும்மா."

"நான் தள்ளினதாலதான் எடுத்துச்சு. எங்க அத்தானை அடிச்சது அவர் இல்லை. அவர் சும்மா நின்னார். அவரைத்தான் தள்ளினேன்."

காவலர் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "தள்ளறதுக்குச் சட்டம் கெடயாது. கோட்டுக்குள்ள நீ அவரை ஒரு அறை அறைஞ்சிருந்தா உன்ன உள்ள வச்சிருப்பேன். இப்ப நான் என்ன பண்ண? காபியக் குடி. தூங்கி எந்திரி."

அவள் தூங்கவில்லை. விடிந்ததும் டன்ரூத் மருத்துவரிடம் போய், வேலர்ட்டில் கழுத்து நிமிராத சிறுமியைப் பற்றிச் சொன்னாள். மருத்துவர் தன் வார்டில் கிடந்த பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு பிள்ளைக்கான மருந்தை மட்டும் எடுத்து அவள் கையில் வைத்தார்.

திரும்பும் வழியில் அந்த இடத்தை அவள் வயல் பக்கம் பார்க்காமல் கடந்தாள். வேலர்ட்டில், நேற்று வயல் எடுத்த மனிதரின் வீடு எது என்று கேட்டாள். கதவைத் திறந்த அவர் மனைவி மார்லீன் அழுது முடித்த முகத்தோடு இருந்தாள். செம்மலர் மருந்தை நீட்டினாள். மார்லீன் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். குழந்தை சிணுங்குவது கேட்டது. வெகுநேரம் கழித்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"கடவுள் உங்கள நல்லா வைக்கட்டும்," என்றாள்.

"அப்படிச் சொல்லாதீங்க. உங்க வீட்டுக்காரரைத் தள்ளினது நான்."

மார்லீனுக்கு அது உடனே விளங்கவில்லை. "காத்துன்னு அவரோட போன கிளைட் சொன்னானே."

"எங்க அத்தானைத் தள்ளினது அந்தக் கிளைட். ஆத்திரத்துல நான் உங்க வீட்டுக்காரரைத் தள்ளினேன். அவர் அப்ப எதுவும் பண்ணல. முதுகுல தள்ளினேன்."

மார்லீன் அவளுடைய கையைப் பிடித்தாள். "வா," என்றாள். வீட்டுக்குப் பின்னால் ஊரெல்லையின் வெள்ளைக்கோடு இருந்தது. அப்பால் சோளம். ஒரு கொக்கு அவர்கள் பக்கம் தலையைத் திருப்பியது. மார்லீன் அவளைக் கோட்டோரம் நிறுத்தி முதுகில் உள்ளங்கையை வைத்தாள். செம்மலர் அசையவில்லை. திரும்பிப் போகும் தெம்பும் அவளிடம் இல்லை.

அடுத்த வீட்டு வாசலில் அந்த மெலிந்தவன், கிளைட், நின்றிருந்தான். "தள்ளு மார்லீன். யாரும் கேக்கமாட்டாங்க."

முதுகில் இருந்த கை செம்மலரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, அவளை ஊர் பக்கம் திருப்பியது. மார்லீன் முஷ்டியை மடக்கி அவள் வாயில் குத்தினாள். பல் உடைந்தது. மறுபடி குத்தினாள். கீழே விழுந்தவள் மேல் ஏறி உட்கார்ந்து, மூக்கிலும் கன்னத்திலும் அடித்தாள். விரல்கணு பிளந்து இருவர் ரத்தமும் கலந்து வழிகிறவரை அடித்தாள். செம்மலர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. சனங்கள் வாசல்களுக்கு வந்தார்கள். ஒரு மனிதர் மற்றொருவரைக் கையால் அடிப்பதை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. ஒரு அம்மாள் தன் பிள்ளையின் கண்ணை மூடினாள்.

ஊர்க்காவலர் வந்து மார்லீனை இழுத்து நிறுத்தினார். "கோட்டுக்குள்ள அடிக்கிறது குத்தம்னு தெரியுமில்ல? ஏன் பண்ணின?"

"தெரியும். காத்து இல்ல, நான்தான் அடிச்சேன். எல்லாரும் பாத்தாங்க." மார்லீன் மூச்சிரைத்தாள். "கிளைட், நீயும் பாத்தியா?"

மெலிந்தவன் வீட்டுக்குள் போய்விட்டான்.

செம்மலர் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்தாள். "நான் அவங்க புருஷனைக் கொன்னேன். அதுக்குத்தான் அடிச்சாங்க. என்னையும் பிடிங்க."

"விலகலுக்கு ஆள் பிடிக்கிறதில்ல. நீ போகலாம்," என்றார் காவலர்.

அவள் போகவில்லை. அவர்கள் பின்னாலேயே நடந்தாள். பழைய ரயில் நிலையக் கட்டடம்தான் காவலறை. காவலர் மார்லீனை உள்ளே விட்டார். செம்மலரும் உள்ளே நுழைந்து எதிர்ச்சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். காவலர் அவளை வெளியே வரச் சொன்னார். கெஞ்சிக்கூடப் பார்த்தார். அவளை இழுத்தால் அதுவும் கை வைத்த கணக்கில் சேரும் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வாசலில் நின்று, மார்லீனின் குழந்தை கழுத்தைத் திருப்பித் தண்ணீர் கேட்டதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மார்லீன் வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். செம்மலரும் அழுதாள்.

"உங்க அத்தான் பேரு என்ன?" என்று மார்லீன் கேட்டாள்.

"கலியமூர்த்தி."

மார்லீன் அதைச் சொல்லிப் பார்த்தாள். பாதியில் நாக்கு இடறியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். செம்மலர் உடைந்த வாயால் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பேரு வெண்டல்," என்றாள் மார்லீன். "நீயும் சொல்லு."