தொப்பை கரைத்த ஊசி

கடலைமிட்டாய்க் கடைக்கு மேலே இருந்த அந்த அலுவலகத்துக்கு டிரைவர் சோலைமுத்துதான் ஏறி வந்தான். முதலாளி கீழே காரில் இருக்கிறார், அவரால் படியேற முடியாது, நீங்கள்தான் இறங்கி வரவேண்டும் என்றான். போலீஸ் வேலையில் ஓய்வுபெற்றுத் தனியாகத் துப்பறிந்துகொண்டிருந்த ராமசுப்பு, யாருக்காகவும் அவசரப்படுகிற மனுஷர் இல்லை. மூக்குக்கண்ணாடியை நிதானமாகத் துடைத்தார். அவர் மச்சினன் செண்பகராஜ் வேறு ரகம். நாற்பத்தைந்து வயதில் இன்ஷூரன்ஸ் வேலையைக் கைகழுவிவிட்டு அத்தானோடு ஒட்டிக்கொண்டவன். துப்பு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அத்தான் எழுந்திருப்பதற்குள் அவன் தெருவில் நின்றான்.

காரில் சண்முகராஜ். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, அறுபத்துமூன்று வயசு. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள்.

"டாக்டர் நவநீதகிருஷ்ணன் எனக்குக் கள்ள மருந்து போட்டுட்டான் அண்ணாச்சி. அவன ஜெயிலுக்கு அனுப்பணும். அதப் பாத்துட்டுத்தான் நான் சாவேன்."

போன வருஷம் அவருக்கு இளமை திரும்பவேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. தொப்பை கரையும், சதை இறுகும் என்று எதிலோ படித்துவிட்டு, வளர்ச்சி ஹார்மோன் ஊசியை மும்பையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரவழைத்தார். போட்டுவிட்டது டாக்டர். எட்டு மாதத்தில் தொப்பை போயே போய்விட்டது. அதைச் சொல்லும்போது அந்த நிலைமையிலும் சட்டையைத் தூக்கிக் காட்டினார். பிறகு காலில் ஒரு கொப்புளம் ஆறவே இல்லை. அழுகி, மயங்கி விழுந்து, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது சர்க்கரை தலைக்குமேல் ஏறியிருந்தது. காலை எடுத்தபிறகுதான் உயிர் தங்கியது.

"விரல்ல மோதிரம் போட்ட தடம் இருக்கு. மோதிரம் எங்க?" என்றார் ராமசுப்பு.

ஊசி போட்ட மூன்றாம் மாதமே கை வீங்கி, ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தாராம். விரல்கள் இப்போதும் மரத்துப்போய்த்தான் இருக்கின்றன. ஒரு பொத்தானைக்கூட மாட்ட முடியவில்லை. ராமசுப்பு தலையை ஆட்டிக்கொண்டார். அவர் அப்படி ஆட்டினால் பாதி விஷயம் பிடிபட்டுவிட்டது என்று செண்பகராஜுக்குத் தெரியும். எந்தப் பாதி என்றுதான் ஒருநாளும் தெரிவதில்லை.

டாக்டர் இளைஞர். பேயறைந்த முகத்தோடு கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். சண்முகராஜ் வழக்குப் போட்டால் கிளினிக் மட்டுமல்ல, படித்த படிப்பே போய்விடும். வயசாக ஆக உடம்பில் இந்தச் சுரப்பு குறையும், சதை வற்றிக் கொழுப்பு வயிற்றில் சேரும், வெளியே இருந்து ஏற்றினால் கொழுப்பு கரையும் என்று விளக்கினார். ஆனால் கை கால் வீங்கும், விரல் மரக்கும், சர்க்கரையும் ஏறும். அதனால் மாதாமாதம் சர்க்கரை பார்த்துத்தான் ஊசியைத் தொடர்ந்திருக்கிறார். ரத்தம் கொடுக்கச் சண்முகராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. லேபுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்றாராம். சிறுநீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்பினார். டிரைவர் கொண்டுவந்தான்.

"ஒரு மாசம்கூட சர்க்கரை இல்ல சார். சோதனைப் பட்டை நிறமே மாறல."

"சிறுநீர் எப்படி இருந்துச்சு?"

"மஞ்சள் கரைச்ச மாதிரி பளீர்னு இருக்கும், எல்லா மாசமும். சத்து மாத்திரை சாப்பிடுதார் போலன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்க. கேக்கல," என்றார் ராமசுப்பு.

பாட்டிலைச் சுமந்தவன்தான் குற்றவாளி என்று செண்பகராஜ் அப்போதே முடிவுகட்டிவிட்டான். முதலாளி வீட்டு வாசலில் சோலைமுத்துவை மடக்கிப் பிடித்துக்கொண்டான். அவன் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. இரண்டு வருஷத்துக்கு முந்தி ஐப்பசி மழையில் முதலாளியின் ஒரே மகள் ப்ரியதர்ஷினிக்குப் பசுவந்தனையில் பிரசவ வலி. அப்பா பேச்சை மீறிக் கட்டிக்கொண்ட பெண். குழந்தை தலை திரும்பவில்லை, காரை அனுப்புங்கள் என்று போன் வந்தது. சோலைமுத்து காரைக் கிளப்பியே விட்டான். முதலாளி சாவியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அங்கே அவளை டிராக்டரில் ஏற்றியிருக்கிறார்கள். கரிசல் சேற்றில் சக்கரம் புதைந்து, நடுவழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள்.

"முதலாளியம்மா பீரோவக் கையால அடிச்சு அடிச்சு, கையெல்லாம் ரத்தம் அண்ணாச்சி," என்றான் சோலைமுத்து.

செண்பகராஜுக்கும் ஒரே மகள். தீப்பெட்டி முதலாளிமேல் அவனுக்கு வந்த ஆத்திரத்தில் துப்பாவது மண்ணாவது என்று இருந்தது. ஆனாலும் அவனுக்குள் இருந்த துப்பறிவாளன் விடவில்லை. டிரைவருக்கும் முதலாளிமேல் கோபம் இருக்கிறதே என்று குறித்துக்கொண்டான்.

ராமசுப்பு அதற்குள் வீட்டைச் சுற்றி வந்திருந்தார். சண்முகராஜின் கட்டிலுக்கு நேர் எதிரே மகளின் படம் மாலையோடு தொங்கியது, ஆணி புதுசு. முதலாளி மட்டும் புழங்கும் குளியலறையில், தண்ணீர் போகும் துவாரத்தைச் சுற்றி எறும்புச் சாக்பீஸ் கோடு வெள்ளையாகத் தடித்திருந்தது. கோட்டின்மேல் கோடாகப் பலநாள் போட்டது. அடுப்படியில் கருப்பட்டிச் சட்டியைச் சுற்றி ஒரு கோடுகூட இல்லை. உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் சத்து மாத்திரை அட்டை ஒன்று கிடந்தது. முதலாளியின் மனைவி வெயிலுகந்தம்மாள், வாய்ப்புண்ணுக்காகத் தான் போடுகிற மாத்திரை என்றாள்.

சாயங்காலம் ராமசுப்பு எல்லோரையும் சண்முகராஜின் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். டாக்டர் வந்தார். சோலைமுத்து கதவோரம் நின்றான். வெயிலுகந்தம்மாள் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"மருந்து கள்ள மருந்து இல்ல," என்று தொடங்கினார் ராமசுப்பு. "கை வீங்கி மோதிரத்த வெட்டினது, விரல் மரத்தது, தொப்பை போனது, எல்லாம் அசல் மருந்தோட வேல. அசல் மருந்துன்னா சர்க்கரையும் ஏறியிருக்கும். நெறைய தண்ணி குடிச்சீங்களா?"

குடம் குடமாக, என்றார் சண்முகராஜ். அடிக்கடி எழுந்து போனதும் உண்டு. உடம்பு இளைக்க இளைக்க ஊசி வேலை செய்கிறது என்று பூரித்துப்போயிருக்கிறார்.

"பாதி ஊசி, பாதி சர்க்கரை. அப்படின்னா டாக்டர் பாத்த சிறுநீர் ஒங்களுது இல்ல. சத்து மாத்திரை போடுவீங்களா?"

"நான் எதுக்குப் போடுதேன்? அந்த ஊசி ஒண்ணுதான்."

"பாட்டில்ல வந்தது பளீர் மஞ்சள். அது சத்து மாத்திரை போடுதவங்க சிறுநீர்."

சண்முகராஜின் பார்வை சோலைமுத்து பக்கம் பாய்ந்தது. செண்பகராஜும் ஓரடி முன்னால் வந்தான். ராமசுப்பு கையமர்த்தினார்.

"அவன் பாட்டிலத்தான் சுமந்தான். வீட்டுக்குள்ள இருக்க குளியலறைக்கு அவன் வாரதே இல்ல. இந்த வீட்டுல எறும்பு கருப்பட்டியத் தேடிப் போகல, ஒங்க குளியலறையத் தேடிப் போயிருக்கு. அதப் பாத்த ஒரு ஆளுக்கு ஒங்களுக்குச் சர்க்கரைன்னு புரிஞ்சு போச்சு. ஒங்ககிட்ட சொல்லல. எறும்பு ஒங்க கண்ணுல படாம சாக்பீஸ் போட்டு மறைச்சாவ."

வெயிலுகந்தம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் குரல் ஏறவே இல்லை.

"நான்தான். மாசாமாசம் பாட்டில எங்கிட்டதான தந்து விடுவீங்க? கொட்டிட்டு என்னுத ஊத்தினேன். ஊசி போடச் சொல்லி நான் சொல்லல. நாகலாபுரத்துல இருபத்தாறு வயசுப் பொண்ண ரெண்டாந்தாரமாக் கட்டப் பாத்து வச்சிருந்தீங்களே, ஆம்பளப் பிள்ள வேணும், வாரிசு வேணும்னு. அந்தப் பொண்ணு பாக்கப் போனப்ப போட்ட புது ஷூதான ஒங்க கால்ல கடிச்சிச்சு? வாரிசு இருந்தாளே. சாவி ஒங்க கையிலதான இருந்துச்சு."

சண்முகராஜ் கட்டிலில் எக்கி உட்கார்ந்தார். போலீஸைக் கூப்பிடுங்கள், இவளை உள்ளே தள்ளுங்கள் என்று கத்தினார்.

"தாராளமா கூப்பிடுங்க," என்றார் ராமசுப்பு. "எறும்புக் கோட்டையும் சொல்லுவேன், கார் சாவியையும் சொல்லுவேன். நாகலாபுரத்தையும் சேத்து. அப்பொறம் டாக்டரே, படிச்ச பாடம் போதும்லா? இனி கண்ணால பாக்காத பாட்டில நம்பாதீங்க."

சண்முகராஜ் அடங்கிப்போனார். ராமசுப்பு வெயிலுகந்தம்மாளைப் பார்த்து, இனி இவர் உயிருக்கு ஏதாவது ஆபத்து உண்டா என்று நேராகவே கேட்டார்.

"சாக விடமாட்டேன் அண்ணாச்சி," என்றாள் அவள். "செத்துட்டா தப்பிச்சிருவாவ. நூறு வயசு இருக்கணும்னுதான இவ்வளவும் செஞ்சாவ? இருக்கட்டும். இந்தக் கட்டில்ல, எம்பிள்ள மொகத்தப் பாத்துக்கிட்டே இருக்கட்டும். நான் நல்லாப் பாத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாள். இளமை ஊசி இருந்த தட்டில் இப்போது இன்சுலின் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்திப் போடவேண்டியது. மருந்தை ஏற்றிக்கொண்டு அவள் கட்டிலருகே வந்தபோது சண்முகராஜின் கண்ணில் பயம் தெரிந்தது. மரத்த விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். அளவு சரிதான் என்று டாக்டர் ஊசியைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நாளைக்கும் மறுநாளும் அளவைப் பார்த்துச் சொல்ல அங்கே யார் இருக்கப்போகிறார்கள்?

செண்பகராஜுக்கு அந்த மனுஷன்மேல் துளி இரக்கம் வரவில்லை. வராததற்காக அவன் வெட்கப்படவும் இல்லை.

"சட்டையத் தூக்குங்க," என்றாள் வெயிலுகந்தம்மாள்.

எதிரே மகள் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். சண்முகராஜ் மெல்லச் சட்டையைத் தூக்கி, தொப்பை கரைந்த வயிற்றை மனைவிக்குக் காட்டினார்.