அளவெடுத்த வாய்

பல்லில் சொத்தை இல்லை என்று டாக்டர் சத்தியமூர்த்தி சொன்னதும் முத்தழகுக்கு நிம்மதி வரவில்லை. பல்லில் ஒன்றுமில்லை என்றால், இந்த வலி எங்கிருந்து வருகிறது?

வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பெய்தது. கிராம்புத் தைலமும் ஸ்பிரிட்டும் மணக்கும் அந்தக் காரைக்குடி அறையில், டாக்டர் சின்னக் கம்பியால் அவள் பல் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார்.

"ஈறு வீங்கலை. வேர்ல சீழ் பிடிக்கலை. பிடுங்கவோ அடைக்கவோ ஒண்ணுமில்லையேம்மா. தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களோ?"

"அதையேன் கேக்குறீக!" என்றான் பக்கத்தில் நின்ற கணவன் நாகநாதன். "ராத்திரி பூரா நறநறங்குது. ஆத்தா செத்ததுலேருந்துதான் இப்படி."

"அப்ப கடைவாய்ப் பல்லு தேஞ்சிருக்கும். மேலுக்கும் கீழுக்கும் அளவெடுத்து ஒரு பிளேட் செஞ்சு தர்றேன். படுக்குறப்ப மாட்டிக்கிட்டா பல்லோட பல்லு உரசாது."

முத்தழகுக்குத் தெரியும்: அந்தச் சத்தம் அவளுடையதல்ல. கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்து அவளும்தான் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது உள்ளறையில் நெல் கொட்டி வைக்கும் குலுக்கைக்குள்ளிருந்து வந்தது.

மாமியார் சின்னத்தாயியின் பல் செட்டை அவள் அங்கேதான் புதைத்து வைத்திருந்தாள். இதே டாக்டர் செய்து கொடுத்த செட்டு. அதை மாட்டிக்கொண்டால் படுக்கையில் கிடந்த கிழவி கணீரென்று பேசுவாள். புளித்த கஞ்சி ஊற்றுவதையும், ஈரத் துணி மாற்றாமல் போட்டு வைத்திருப்பதையும் மகனிடம் சொல்லிவிடுவாள். அதனால்தான் ஒரு மத்தியானம் செட்டைக் கழற்றி ஒளித்துவிட்டு, காணோம் என்றாள். அதன்பிறகு கிழவி வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. நாகநாதன் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன ஆத்தா சொல்ற?" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவான். "தூக்கம் வருதாம்" என்பாள் முத்தழகு. அந்த மனுஷனும் நம்பி எழுந்து போய்விடுவான்.

செத்த அன்று, "கன்னம் ஒட்டிப்போச்சே, செட்டை மாட்டுங்கடி" என்று சொந்தக்காரப் பெண்கள் வீடெல்லாம் தேடினார்கள். முத்தழகும் கூடவே தேடினாள். பாவி, தேடினாள்! வாய்க்கரிசி போட்டபோது அந்த வெறும் ஈறு இரண்டும் அவள் விரல் நுனியைக் கவ்வின. பச்சைக் குழந்தை கவ்வுவதைப்போல, மெத்தென்று. அவள் கையை உருவிக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

கரண்ட் போனது. டாக்டர் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்து, வெந்நீரில் இளக்கிய பழுப்பு மெழுகை அச்சுத் தட்டில் அப்பி அவள் வாய்க்குள் அழுத்தினார்.

"நல்லாக் கடிங்கம்மா."

கடித்தாள். பல் இறங்கவில்லை. இன்னும் அழுத்திக் கடித்தாள். மெழுகில் ஏதோ வழுக்கியது. நாக்கால் துழாவினாள். பல் எல்லாம் இருந்தன.

டாக்டர் தட்டை எடுத்தார். அரை இருட்டில் அதைச் சரியாகப் பார்க்காமலே பிளாஸ்டர் குழைத்து ஊற்றினார். கீழ்வாய்க்கும் அப்படியே. இறுகும்வரை ஆண்கள் இருவரும் சிங்கம்புணரிப் பக்கம் மழை எப்படி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முத்தழகுக்கு வாயெல்லாம் பச்சரிசி மணத்தது.

டாக்டர் மெழுகை உரித்தார். கை நின்றது. விளக்கைக் கிட்டத்தில் இழுத்தார்.

"பல்லையே காணோமே..."

மேசையில் இரண்டு வெள்ளை ஈறுகள். ஒரு பல் இல்லை. கீழ் ஈற்றின் வலப்பக்கம் புடைத்துக்கொண்டு ஒரு முண்டு.

"இந்த முண்டு... இது உங்க அம்மாவுக்குல்ல இருந்துச்சு நாகநாதன்?"

"ஆத்தா வாயா?" அவன் குனிந்தான்.

"வாங்க, பஸ்ஸு போயிரும்" என்று முத்தழகு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கும்புட்டுக்கிறேன், வாங்க!"

"சும்மா இருடி. பேசுது."

கீழ்வாய் அசைந்தது. பிளாஸ்டர் தூள் உதிர்ந்தது. மறுபடி அசைந்தது. டாக்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நாகநாதன் மட்டும் காதை அதன்மேல் வைத்தான்.

"ம்."

மழைச் சத்தம்.

"ம். ம். சொல்லு ஆத்தா."

ஒரு வார்த்தைகூடத் தப்பாதவன்போல் தலையாட்டினான். பிறகு, காதை எடுக்காமலே, கண்ணை மட்டும் திருப்பி முத்தழகைப் பார்த்தான்.