மண்ணின் சம்மதம்

மண்ணிடம் சம்மதம் கேட்க அதிகாரி வருகிற அன்றைக்கும், தெரு வீடுகளில் அரிசி களைந்த தண்ணீரையெல்லாம் சேர்த்து இரண்டு குடம் கொண்டுபோய் மரங்களுக்கு ஊற்றிவிட்டுத்தான் வந்தாள் சுலோச்சனா. முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது.

வியாசர்பாடிக்குப் பின்னால் கிடந்த அந்தக் குப்பைமேட்டைத் தெருக்காரர்கள் ஒன்பது வருஷமாகத் திருத்தியிருந்தார்கள். இப்போது பூவரசும் நொச்சியும் நிற்கின்றன. கீரிப்பிள்ளை குட்டி போட்டிருக்கிறது. வேலிக் கதவைத் திறந்துவிட்டால் ஜனங்கள் வந்து நிழலில் உட்காருவார்கள், முறை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். தான் ஒருவழியாகக் காலை நீட்டலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் மண்ணைக் கேட்காமல் திறக்க முடியாது. மண்மொழிமானி வந்த பிறகு சட்டம் அப்படி. வேரிலும் பூஞ்சை இழையிலும் ஓடும் துடிப்பைப் படித்து, மண் யாரை ஏற்கிறது, யாரை மறுக்கிறது என்று அந்தக் கருவி காட்டிவிடும். மண் சொன்னால் சொன்னதுதான்.

அதிகாரி பெனடிக்ட் கருவியின் ஊசிகளை மண்ணில் இறக்கிவிட்டு ஒவ்வொருவராக அதன்மேல் நடக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு ஜரீனா நடந்தாள். சிவப்பு விளக்கு.

"நான் நட்ட மரம்யா அது! எம்மேல இன்னா கோவமாம்?"

இருபத்திமூன்று பேர் நடந்தார்கள். அத்தனையும் சிவப்பு. கடைசியில் சுலோச்சனா நொண்டிக்கொண்டே போனாள். பச்சை.

"அடிப்பாவி, சொக்குப்பொடி கிக்குப்பொடி போட்டுட்டியா?" என்றாள் ஜரீனா.

பெனடிக்ட் திரையையே பார்த்தார். "ஏம்மா, மூணு வருஷத்தோட தண்ணிய நிறுத்தச் சொன்னமே?"

"அவங்கள்லாம் நிறுத்திட்டாங்க. எனக்கு மனசு வரல சார். வாடுதே, பாத்துக்கினு எப்டி சும்மா இருக்கறது?"

"அதான் விஷயம். வேர் எதுவும் கீழ எறங்கல. தண்ணி தேடவே கத்துக்கல. உங்க காலடி பட்டாத்தான் முழிக்குது. தண்ணி கொண்டாராத காலடிய வேணாங்குது."

"இப்ப இன்னா பண்றது?"

"உங்களுக்கு மட்டும் அனுமதி. மறுபடி கேக்க அஞ்சு வருஷம் ஆவும். அதுவரைக்கும் நீங்க தெனம் வந்தாவணும். மண்ணு ஏத்துக்கிட்ட ஆளு விட்டுட்டுப் போவக்கூடாது, சட்டம்."

சுலோச்சனா அங்கேயே குந்திவிட்டாள். "அம்பத்தெட்டு முடியுது சார் எனக்கு. என்னால ஆவாதுன்னு நான் சொல்லக்கூடாதா?"

பெனடிக்ட் ஊசிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினார். அவருக்கும் அன்றைக்கு இது நாலாவது இடம்.

"மண்ணக் கேக்கறதுக்குத்தாம்மா கருவி வந்துருக்கு. மனுசங்களக் கேக்கறதுக்கு இன்னும் எதுவும் வரல."