ஈயத்தாள்

ஆடி மாத மழை ராகலைத் தேயிலைத் தோட்டத்தை விடுவதாக இல்லை. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் சுருளி செத்துக் கிடந்தது. சுருளி ஒரு ஆட்டுக்குட்டி. பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, குளிர் தாங்கவில்லை. தாய் ஆடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

அதை வளர்த்த சிறுமி ராசம்மா அழுது ஓய்ந்தாள். பிறகு தேயிலை ஆலையான ஸ்டோரின் குப்பையில் எப்போதோ பொறுக்கி வைத்திருந்த ஈயத்தாளை எடுத்தாள். கப்பலில் போகும் தேயிலைப் பெட்டிக்கு உட்புறம் ஒட்டுகிற தாள் அது. காற்றுகூட நுழையாது. குட்டியைத் தலை முதல் கால்வரை அதில் சுற்றினாள்.

காய்த்தோட்டத்து ஓரத்தில் அவள் அப்பா மூக்கன் குழி வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்னா புள்ள, குட்டிய லண்டனுக்கா அனுப்பப் போற?"

ராசம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மண்ணுல கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இருக்காம்ப்பா. செத்ததையெல்லாம் தின்னு மண்ணாக்கிருமாம். வாத்தியாரு சொன்னாரு. சுருளிய நான் குடுக்க மாட்டேன்."

அப்பா இன்னும் ஆழமாக வெட்டினார். மண்வெட்டியில், எப்போதோ குப்பையோடு புதைந்த பழைய ஈயத்தாள் துண்டு ஒன்று சிக்கியது. மழை பட்டதும் புதிதுபோல் பளபளத்தது.

"போன வருசம் சேவல இங்கதானேப்பா பொதைச்சோம்?"

"ஆமா."

"எங்க அது?"

குழிக்குள் இறங்கித் துழாவினாள். இறகு இல்லை, சதை இல்லை. ஒரு சின்ன எலும்பும் கறுத்த மண்ணும்தான் இருந்தன. பக்கத்துப் போஞ்சி அவரைக் கொடியின் வேர்கள் அந்த மண்ணுக்குள் வந்து பின்னிக் கிடந்தன. அந்த ஈயத்தாள் துண்டை மட்டும் ஒரு வேரும் தொடவில்லை.

"தாள்ல சுத்துனா சுருளி அப்புடியே இருக்குமாப்பா?"

"இருக்காது ஆயி. அழுகத்தான் செய்யும். ஆனா மண்ணோட சேராது. உள்ளுக்குள்ளேயே கெடக்கும்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

ராசம்மா மேலேறி வந்து குட்டியை மடியில் எடுத்தாள். பிறகு தாளைப் பிரித்தாள். ஈரக் காதுகளை ஒருமுறை தடவிவிட்டு, குட்டியை மண்ணில் கிடத்தினாள். குழிக்குள் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"மெதுவாத் தின்னுங்க. சின்னக் குட்டி."

ஐப்பசியில் அந்த இடத்தில் மட்டும் புல் முழங்கால் உயரம் நின்றது. அறுக்க வந்த அம்மாவிடம், "வேணாம்மா, விடுங்க" என்றாள் ராசம்மா. தாய் ஆட்டை அவிழ்த்துக் கொண்டுவந்தாள்.

அது முகர்ந்து பார்த்துவிட்டு மேயத் தொடங்கியது. தூறல் வலுத்தது. வயிறு நிறைய அது மேய்ந்து முடிக்கும்வரை ராசம்மா கயிற்றை இழுக்கவே இல்லை.