கடிகாரத்தைப் பார்க்க மறந்தவன்

மழை... பிரிக்ஃபீல்ட்ஸில் நாலு மணியானால் சொல்லி வைத்தாற்போல் வந்து கொட்டுகிற மழை.

பருப்பு வடைப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைகளின் முன்நடையில் ஓடிவந்தான் தனேஷ். எங்கிருந்தோ ஒரு சின்னச் சக்கரம் உருண்டு வந்து அவன் செருப்பில் முட்டிச் சாய்ந்தது. குனிந்து எடுத்தான். நிமிர்ந்தான்.

அங்கே ஒருத்தி நின்றாள். காய்கறி வாங்கப் பாசாருக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டி, ஒரு சக்கரம் போய் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்க, அதன் மேல் பழைய சேலையில் சுற்றிய ஏதோ ஒன்றைத் தன் குடையால் மூடிக்கொண்டு அவள் மட்டும் நனைந்துகொண்டிருந்தாள். இமையில் ஒரு துளி... விழட்டுமா, வேண்டாமா என்று நின்றது. தனேஷுக்கு மூச்சு விட மறந்து போயிற்று.

உதவப் போன கையை அவள் குரல் நிறுத்தியது.

"தொடாதீங்கண்ணே. நானே தூக்கிக்குவேன்."

அண்ணே. போகிற வருகிற ஆளையெல்லாம் அண்ணே என்பது இந்த ஊர் வழக்கம்தான். ஆனாலும் அந்த நேரத்தில் அந்தச் சொல் அவனுக்குக் கொஞ்சம் கசந்தது.

சேலையின் ஓரம் விலகியது. உள்ளே இருந்தது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. இருபது வயதுக்குக் குறையாத பெட்டி. தனேஷ் சிரித்துவிட்டான். அதைக் கண்டு அவள் முறைத்தாள். அவன் அவசரமாக நாலு கடை தள்ளித் தொங்கும் தன் கடைப் பலகையைக் காட்டினான். பழைய கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வதுதான் அவன் பிழைப்பு என்று அதில் எழுதியிருந்தது.

பலகையை இரண்டு முறை படித்தாள். பிறகு அவனைப் படித்தாள்.

"தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு லான்னு சொல்லமாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவள் பெயர் தாமரை. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் தாயும் மகளுமாக ரவிக்கை எம்ப்ராய்டரிக் கடை நடத்துகிறார்கள். தையல் மெஷினுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் சாஃப்ட்வேர் இந்தக் கிழட்டுப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். கிள்ளானில் காட்டிய இடமெல்லாம் கைவிரித்துவிட, கொமுட்டர் ரயிலேறி வந்து, பெரிய கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் புக்கிட் பிந்தாங் போக மோனோரயிலைத் தேடி வழி தவறி, இங்கே சக்கரமும் கழன்றுபோய் நின்றிருக்கிறாள்.

அவள் பெட்டியைக் கடைக்குள் கொண்டுவந்து வைத்ததும் என்ன பிரச்சினை என்று கேட்டான். மெதுவாக ஓடுகிறது என்றாள்.

"வயசாச்சு இல்லையா..."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க மயில் டிசைன போட்டுட்டு ஒரு பட்டனத் தட்டுனா பதினஞ்சு நிமிசத்துல முடியும். ரெண்டு மாசமா இருவது ஆவுது. வயசானா நடை தளரும், சரி. ஆனா தினமும் சரியா அஞ்சு நிமிசம் தளருமாண்ணே?"

தனேஷ் கையில் இருந்த வடையைக் கீழே வைத்தான். எட்டு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியோடு ஒருவரும் அந்தக் கடைக்குள் வந்ததில்லை. ஸ்லோ, ஹேங், செத்துப் போச்சு... இந்த மூன்றைத் தவிர அவன் வேறு கேட்டதில்லை. இவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நோயையே அளந்து கொண்டுவந்திருக்கிறாள்.

பெட்டியைத் திரையோடு இணைத்து, வெளிச்சம் வந்த நொடியில் டெலிட் பட்டனைத் தட்டினான். பெட்டியின் செட்டிங் எல்லாம் இருக்கும் நீலப் பக்கம் விரிந்தது. அவள் அருகில் வந்து எட்டிப் பார்த்தாள். மழையும் மல்லிகையும் கலந்து ஒரு வாசம்... கஷ்டப்பட்டுத் திரையைப் பார்த்தான்.

மதர்போர்டு தாளம் போடும், பிராசசர் ஒவ்வொரு தாளத்துக்கும் பதினைந்து அடி வைக்கும் என்று அவளுக்குச் சொன்னான். தாளம் நூறு என்று இருந்தால் ஆயிரத்து ஐந்நூறு அடி. நூற்று முப்பத்து மூன்று என்று வைத்தால் இரண்டாயிரம். இந்தப் பிராசசர் இரண்டாயிரத்துக்கென்றே பிறந்தது. யாரோ, எதுவோ, தாளத்தை நூறுக்கு இறக்கிவிட்டிருக்கிறது.

அவள் உதடு அசைந்தது. மனக்கணக்கு.

"அப்ப பதினஞ்சு நிமிச வேல இருவதாத்தான் ஆவும்."

ஆமாம் என்று தலையாட்டினான். உண்மையைச் சொன்னால் அவன் விழுந்தது அந்த இடத்தில்தான். கண்ணில் அல்ல... கண்ணும் ஒரு காரணம்தான், ஆனால் அந்தக் கணக்கில்.

நூற்று முப்பத்து மூன்று என்று மாற்றினான். மயில் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. அதுவரை இருவரும் ஆறிப்போன வடையைத் தின்றார்கள்.

*

அடுத்த வியாழக்கிழமை அவள் மறுபடியும் வந்தாள். மூன்று நாள் பறந்த மயில் நாலாம் நாள் நடக்க ஆரம்பித்துவிட்டதாம். பார்த்தான். தாளம் நூறில் நின்றது. குழப்பத்தோடு மாற்றினான். கடையில் பத்து முறை அணைத்துப் போட்டும் மாறவில்லை. எந்தச் சாவியைத் தட்டுகிறான், எந்தப் பக்கத்துக்குப் போகிறான், எதைச் சேமிக்கிறான் என்று அவள் கவனித்தாள். அவன் அவளைக் கவனித்தான்.

அதற்கடுத்த வியாழனும் வந்தாள். இந்த முறை முகத்தில் சிரிப்பில்லை.

"பாஸ், ஒண்ணு கேக்கவா?"

அண்ணே போய் பாஸ் வந்திருந்தது. ஆனால் அதில் மகிழ அவனுக்கு நேரமில்லை.

"நான் திரும்பத் திரும்ப வரணும்னு வேணும்னே சரியா செய்யாம வுடுறீங்களா? அம்மா கேக்கறாங்க. எனக்கும் கேக்கத் தோணுது."

சுருக்கென்று தைத்தது. அவள் வர வேண்டும் என்று அவன் நினைக்காத வியாழன் இல்லை. ஆனால் அதற்காக வேலையில் கை வைப்பவன் என்று அவளே நினைப்பதா? அப்பா இல்லாத வீட்டில் தனியாளாக நின்று, நாணயமானவன் என்று அவன் சம்பாதித்த பெயர் அது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சேலையை எடுத்துப் பெட்டியைச் சுற்ற ஆரம்பித்தான்.

"வேற எடத்துல காட்டுங்க. வேலைய அரகொறையா செஞ்சு ஆள வரவைக்கிற பொழப்பு எனக்கு வேணாம்."

தாமரை உதட்டைக் கடித்துக்கொண்டாள். வெளியே வானம் இருண்டது. தூரத்தில் எங்கோ இடி உருண்டது. அந்த நேரம் பார்த்து அவள் கைப்பேசி அடித்தது. அவள் அம்மா உஷாராணி. கை பெட்டியைப் பிடித்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தாமர, இங்க இடி இடிக்குதுடி. மெஷின், ஃபிரிட்ஜு, எல்லா பிளக்கையும் புடுங்கிட்டேன். காலைல வந்து மாட்டிக்கலாம்."

சுற்றிக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"இடி இடிச்சா கம்ப்யூட்டர் பிளக்கையும் புடுங்குவாங்களா?"

"புடுங்காம? ராத்திரி முழுக்கக் கழட்டித்தான் கெடக்கும். எங்க ஊர்ல எல்லா வீட்லயும் அப்படித்தானே."

சேலையைப் பிரித்தான். பெட்டியை மறுபடி இணைத்தான். நீலப் பக்கத்தின் முதல் வரியைப் பார்த்தான். தேதி... 2002 ஜனவரி ஒன்று.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாதபோது நேரத்தையும் செட்டிங்கையும் ஞாபகம் வைத்துக்கொள்வது அதுதான். அது தேய்ந்துபோயிருந்தது. இரண்டு மணி நேர ரயில் பயணத்தைத் தாங்கும். ஒரு ராத்திரியைத் தாங்காது. இடி இடித்த இரவெல்லாம் பெட்டி எல்லாவற்றையும் மறந்து, காலையில் பயந்து பயந்து, தொழிற்சாலையில் வைத்த நூறில் எழுந்திருக்கிறது. அவன் கடையிலோ பிளக்கை யாரும் பிடுங்குவதில்லை.

பேட்டரியை மாற்றினான். நேரம் வைத்தான். நூற்று முப்பத்து மூன்று. பிளக்கை உருவிவிட்டு, அவளை உட்காரச் சொல்லி, கடை மூடும் வரை காத்திருந்து மறுபடி போட்டுக் காட்டினான். மறக்கவில்லை.

"தப்பு என்னோடதுதான். இந்த மாதிரி கேஸ் வந்தா மொதல்ல கடிகாரத்தப் பாக்கணும். சின்னப் புள்ளகூடப் பாக்கும். நான் பாக்கல."

"ஏன் பாக்கல?"

பொய் சொல்ல வரவில்லை.

"கண்ணு வேற எங்கயோ இருந்துச்சு."

அவள் பெட்டியைச் சேலையில் சுற்றினாள். முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சுக்கு மூன்று முடிச்சாகப் போட்டாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

*

ஒரு வியாழன் போனது. இரண்டு... மூன்று...

நாலு மணிக்கு மழை தவறாமல் வந்தது. அவள் வரவில்லை. எப்படி வருவாள்? வேலைதான் சுத்தமாக முடிந்துவிட்டதே. ஒரு தேய்ந்த பேட்டரியையே திரும்பப் போட்டிருந்தால்... சீ, என்ன நினைப்பு இது. தன்னையே திட்டிக்கொண்டு தனேஷ் வடை தின்றான். பருப்பில் உப்பில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டான்.

தை பிறக்கச் சில நாள் இருக்கையில், முன்நடையில் கடகடவென்று ஒரு சத்தம். புதுச் சக்கரம் மாட்டிய தள்ளுவண்டி. அதே பழைய சேலை.

"மறுபடியும் ஸ்லோ." அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நெஞ்சு திடுக்கென்றது. வந்துவிட்டாள் என்று ஒரு பாதி துள்ள, என் வேலை தோற்றுவிட்டதே என்று மறுபாதி துவண்டது. பெட்டியை இணைத்து டெலிட்டைத் தட்டினான். தாளம்... நூறு.

இந்த முறை கடிகாரத்தைப் பார்த்தான். மணி நாலு பத்து. சுவரில் பார்த்தான். நாலு பத்து. தேதி சரி, வருடம் சரி. பேட்டரி போயிருந்தால் எல்லாமே மறந்திருக்கும். இங்கே எல்லாம் அவன் வைத்தபடியே இருக்கிறது. ஒரே ஒரு எண்ணைத் தவிர.

தானாக மாறவில்லை. யாரோ உட்கார்ந்து, சரியான பக்கத்தைத் தேடிப் பிடித்து, கையால் இறக்கிச் சேமித்திருக்கிறார்கள்.

மெல்லத் திரும்பினான். தாமரை இன்னும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"கடிகாரம் சரியா ஓடுது, தாமரை."

"தெரியும்."

"அப்ப..."

"அன்னைக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க. நான் பதில் சொல்லாம போயிட்டேன். வேலையில ஏமாத்துறீங்கன்னு கேட்ட வாய வெச்சுக்கிட்டு எப்படித் திரும்பி வர்றது? ஒரு சாக்கு வேணும் இல்ல." அவள் குரல் இறங்கியது. "மூணு வாரமா யோசிச்சு இதான் கெடச்சுச்சு. உங்கள சந்தேகப்பட்டேனே... நீங்க செய்யாததக் கடைசில நானே செஞ்சுட்டேன்."

தனேஷ் எண்ணை மாற்றக் கையை நீட்டினான். அவள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டு முறை கீழே, ஒரு முறை உள்ளே, நூற்று முப்பத்து மூன்று, சேமிப்பு. ஒரு விரலும் தடுமாறவில்லை. பார்த்துப் பார்த்தே படித்திருக்கிறாள்... அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"இதுவும் தெரிஞ்சுபோச்சு. அப்ப இனிமே இங்க வர உங்களுக்கு ஒரு காரணமும் இல்லயே."

முதல் முறையாக அவள் திரும்பி அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"காலைல கெளம்பறப்ப அம்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க. மயில் ஒழுங்காத்தானே ஓடுது, எங்கடி இத தூக்கிட்டுப் போறேன்னு கேட்டாங்க. நான் முழிச்சேன். அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா, தனேஷ்?"

தனேஷ். அவன் பெயர் இத்தனை அழகானது என்று இத்தனை நாள் அவனுக்குத் தெரியாது.

"என்ன சொன்னாங்க?"

"பாவம் அந்தப் பொட்டிய ஏன்டி இழுத்துக்கிட்டு அலையிற... அடுத்த வாரத்துலேருந்து சும்மாவே போயேன்னாங்க."